கார் கூரையில் டெண்ட்: படுப்பதற்கு முன் ஓட்டுவதை யோசியுங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய மச்சான் ஷார்ஜாவில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். கார்கோவில் அனுப்பிய சாமான்களோடு ஒரு ரூஃப்டாப் டெண்டும் வந்திருக்கிறது. காரின் கூரைமேல் மடித்து வைத்து, நிறுத்திய இடத்தில் விரித்து, ஏணி போட்டு ஏறிப் படுக்கிற வகை அது. அட்டையில் எடை 62 கிலோ என்று இருக்கிறது. வாசகரிடம் சில வருடம் ஓடிய டீசல் எஸ்.யூ.வி. ஒன்று உண்டு. அரையாண்டு விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 71 வயது வாப்பா எல்லோரோடும் தனுஷ்கோடியில் இரவு தங்கிச் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை.

வீட்டில் கருத்து ஒன்றுபடவில்லை. கார்க் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ என்று போட்டிருப்பதை மனைவி எடுத்துக் காட்டுகிறார். நான்கு பேர் ஏறினாலே 200 கிலோவைத் தாண்டும், கூரை உட்கார்ந்துவிடாதா என்று கேட்கிறார். காற்று தூக்கிவிடும் என்கிறார் வாப்பா. வெல்டிங் பட்டறைக்காரரோ இரும்புக் குழாயில் கேரியர் செய்து கூரையோடு சேர்த்து வெல்ட் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அசையாது என்கிறாராம். கேரியர் 40 கிலோ வரை வருமாம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆர்.டி.ஓ.விலும் பிரச்சினை வராது என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?" இதுதான் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

சரி என்று சொல்லாதீர்கள். டெண்டை மாட்டலாம், ஆனால் வெல்டிங் வேண்டாம். வாகன விபத்து இழப்புகளை மதிப்பிடும் சர்வேயர் வேலையில் இருப்பவன் நான். விபத்துக்குப் பிறகு வண்டியைச் சுற்றி வந்து, எது முதலில் விட்டது, எதனால் விட்டது என்று தேடுவதே என் தொழில். உங்கள் கடிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். உங்கள் மனைவியின் பயம் தவறான இடத்தில் இருக்கிறது, ஆனால் அவர் எடுத்துக் காட்டிய எண் மிகச் சரியானது. பட்டறைக்காரர் சொல்கிற வழி அந்த எண்ணைத்தான் உடைக்கிறது.

75 கிலோ என்பது என்ன கணக்கு?

கையேட்டில் இருக்கும் 75 கிலோ, வண்டி ஓடும்போது கூரை சுமக்கக்கூடிய எடை. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கான எண் அல்ல. ஓடும்போது பள்ளத்தில் விழுந்து எழும்பும், வளைவில் சாயும், பிரேக் அடித்தால் மேலே இருப்பது முன்னால் பாயும். கடுமையாக பிரேக் அடிக்கும் அந்த நொடியில், 62 கிலோ டெண்ட் ஏறத்தாழ தன் எடைக்குச் சமமான விசையோடு போல்ட்டுகளை முன்பக்கம் இழுக்கும். இதையெல்லாம் தாங்கவேண்டும் என்பதால் கம்பெனி அந்த எண்ணைக் குறைத்தே வைக்கிறது.

நிறுத்திவைத்த வண்டியில் இந்த ஆட்டம் எதுவும் இல்லை. எடை நேராகக் கீழே இறங்குகிறது. கூரைக்குக் குறுக்கே மாட்டும் கம்பிதான் கிராஸ் பார். அதை ஒழுங்காகப் பொருத்தியிருந்தால், அந்த எடை கூரைத் தகட்டின் மேல் விழாது. பாரின் கால்கள் வழியாகக் கூரையின் பக்கச் சட்டத்துக்குப் போய், கதவுத் தூண்கள் வழியாகக் கீழே இறங்கும். விரித்த டெண்டில் பாதி வண்டிக்கு வெளியே நீண்டிருக்கும், அந்தப் பாதியை ஏணி தாங்கும். ஆகவே நீங்கள் மேலே படுத்திருக்கும்போது கூரை நசுங்கும் என்று மனைவி பயப்பட வேண்டாம். நின்ற நிலையில் எத்தனை கிலோ என்பதைப் பல கார்க் கையேடுகளில் காண முடியாது. கிராஸ் பாருக்கும் டெண்டுக்கும் வரும் கையேடுகளில் பாருங்கள். இரண்டில் குறைவானதுதான் உங்கள் எல்லை. அது எவ்வளவு இருந்தாலும், இரண்டு மூன்று பேருக்கான டெண்டில் ஐந்து பேர் ஏறக் கூடாது.

இப்போது ஓடும் கணக்குக்கு வாருங்கள். கேரியர் 40, டெண்ட் 62, மொத்தம் 102 கிலோ. கையேட்டு எல்லைக்கு மேல் 27 கிலோ. இரும்பு கனமாக இருப்பதால் பலமாக இருக்கும் என்பது பட்டறை நியாயம். கூரைமேல் அது எதிர்மாறாக வேலை செய்கிறது. கேரியர் உடையாமல் இருக்கலாம், ஆனால் அதைத் தாங்கும் கூரையும் தூண்களும் அந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல. உயரத்தில் ஒரு குவிண்டால் ஏறினால் வளைவில் வண்டி சாய்கிற விதமே மாறிவிடும். அலுமினிய கிராஸ் பார் ஒரு ஜோடி, கால்களோடு சேர்த்து ஐந்தாறு கிலோ வரும். அதில் மாட்டினால் மொத்தம் 68 கிலோ, எல்லைக்குள் நிற்கிறது.

மிச்சம் இருப்பது ஏழு கிலோதான். மடித்த டெண்டுக்குள் தலையணை, போர்வைகளை அப்படியே விட்டு மூடுவது எல்லோருக்கும் பழக்கம். அந்த எடையும் கணக்கில் சேரும். நனைந்த துணியின் எடையும் சேரும். அட்டையில் உள்ள 62 கிலோவில் ஏணி அடங்கியதா என்பதும் தெரியவில்லை. டெண்ட்டை ஏணியோடும் மெத்தையோடும் ஒரு முறை எடை போட்டுவிடுங்கள். லாரி எடை மேடை வேண்டாம், சில கிலோ வித்தியாசத்தை அதில் நம்ப முடியாது. உங்கள் ஊரில் கருவாட்டு மொத்தக் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ உள்ள பிளாட்பாரத் தராசு போதும். 69-ஐத் தாண்டினால் இந்த டெண்ட் உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. வளைகுடாவில் இவற்றை மாட்டும் வண்டிகள் பெரும்பாலும் உங்கள் வண்டியைவிடப் பெரியவை, அவற்றின் கூரைக்கு எல்லையும் வேறு. மச்சானின் வண்டியில் நன்றாக இருந்தது என்பது உங்கள் வண்டிக்குச் சான்றாகாது.

வெல்டிங் ஏன் கூடவே கூடாது

எடை மட்டும் காரணம் இல்லை. உங்கள் வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால், அது கூரையின் ஓரச் சட்டத்துக்குள்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் துளை போடுவதும் நெருப்பு வைப்பதும் உயிரோடு விளையாடுவது. ஏர்பேக் இல்லாத வண்டியிலும், வெல்டிங் மின்சாரம் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுதாக்கலாம். உறுதி கூடிய எஃகுச் சட்டம் சூட்டில் தன் பலத்தை இழக்கும். பற்றவைத்த இடத்தில் கம்பெனி பூசிய துருத் தடுப்பு எரிந்துபோகும். மதுரையில் என்றால் அது துருப்பிடிக்கக் கொஞ்ச காலம் ஆகலாம். கீழக்கரையில் வீட்டு ஜன்னல் கம்பியே என்ன கதி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். மேலே பெயிண்ட் நன்றாகத் தெரியும், அடியில் தகடு தின்றுகொண்டே போகும்.

வண்டியில் ஏற்கெனவே கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் இருக்கும் ரூஃப் ரெயிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். நம் ஊர் எஸ்.யூ.வி.க்கள் பலவற்றில் அது அழகுக்காக வைத்தது. உங்களுடையது சுமைக்கானதா, எத்தனை கிலோவுக்கு என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழகுக்கான ரெயில் என்றால், அந்த மாடலின் கூரைக்கென்றே செய்த கால்களோடு கிராஸ் பார் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் டெண்டைத் தரையில் விரிக்கிற வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

டெண்டின் அடிப்பலகையில் நீளவாக்கில் இரண்டு அலுமினிய சேனல் ஓடும். போல்ட்டின் தலை அந்தச் சேனலுக்குள் நுழைந்து நகரும். கிராஸ் பாருக்கு அடியில் ஒரு தட்டு வைத்து நட் போட்டு இறுக்கினால், பார் நடுவில் பிடிபடும். நான்கு இடத்தில் இப்படிப் பிடித்திருப்பதுதான் முழு டெண்டையும் வண்டியோடு கட்டிவைக்கிறது. எட்டு போல்ட்டுகள், அவ்வளவுதான். அதனால் அவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டு பார்களுக்கும் நடுவே குறைந்தது 75, 80 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பார்கள் நெருங்கியிருந்தால் டெண்ட் முன்னும் பின்னும் தலையாட்டும், போல்ட் தளரும். நட்டுக்குள் நைலான் வளையம் உள்ள வகையையே போடுங்கள், சாதா நட் அதிர்வில் கழன்றுவிடும். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் கடையில் 304 ரகத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். உப்புக் காற்றுக்கு 316 ரகம் வேண்டும். படகு சாமான் விற்கும் கடையில் விசாரியுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரிக்கப்படும். ஆகவே நடுவில் பிளாஸ்டிக் வாஷர், போல்ட் மரையில், அது இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கொஞ்சம் ஆன்டி சீஸ் பசை. இறுக்கும் அளவு டெண்டோடு வந்த தாளில் இருக்கும், அதை டார்க் ரென்சில் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து இறுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் சேனல் வாய் பிளந்துவிடும். வெளியே தெரியாது, ஒரு நாள் போல்ட் தலை அப்படியே உருவிக்கொண்டு வரும்.

இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கி போல்ட் முனை வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். நட் தளர்ந்தால் கோடு முறிந்து தெரியும். டீசல் போடும்போது எட்டையும் பார்த்துவிடலாம், ஸ்பானர் கூட வேண்டாம்.

இன்னொன்று. ஷார்ஜாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும், நமக்கு இடப்பக்கம். மச்சானின் வண்டியில் டெண்ட் வலப்பக்கமாக விரியும்படி மாட்டியிருந்தால், இங்கே சாலையோரம் நிறுத்தும்போது பிள்ளைகள் ஏணியில் இறங்குவது போக்குவரத்துக்குள். திருப்பி, இடப்பக்கமோ பின்பக்கமோ விரியும்படி மாட்டுங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததற்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பொறுப்பு வண்டியின் உரிமையாளருக்கு. 40 கிலோ இரும்பை நிரந்தரமாகப் பற்றவைத்தால் ஆர்.சி.யில் உள்ள வண்டி எடையே மாறிவிடுகிறது. "பிரச்சினை வராது" என்று பட்டறையில் சொல்லலாம், சோதனையில் நிற்கப்போவது நீங்கள். கழற்றி எடுக்கக்கூடிய கிராஸ் பாரை நான் துணைக்கருவியாகவே பார்க்கிறேன். ஆனால் சாலையில் நிறுத்தும் எல்லா அதிகாரியும் அப்படியே பார்ப்பார் என்று உங்களுக்கு உறுதி தர மாட்டேன். அதனால் பயணம் இல்லாத நாட்களில் டெண்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். வண்டிக்கும் நல்லது, டீசலும் மிச்சம்.

"ஃபுல் இன்சூரன்ஸ்" என்ற சொல்லை நம்பிப் பலர் என் முன்னால் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். கம்பெனி விலையில் அடங்காத துணைக்கருவி எதுவாக இருந்தாலும், அதை விலையோடு சொல்லி பாலிசியில் ஏற்றினால்தான் அது பாலிசிக்குள் வரும். ஏற்றாத டெண்ட் திருடுபோனாலும் கிழிந்தாலும் ஒன்றும் கிடைக்காது. அதைவிடப் பெரியது, சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து நடந்தது என்று தெரிந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகையே குறையலாம், மறுக்கவும் படலாம். கூரைச் சுமை மீறியதா என்பது சர்வேயர் பார்க்கிற விஷயம். கேரியரை எடை போட எனக்குப் பத்து நிமிடம் போதும். டெண்ட் கழன்று பின்னால் வரும் பைக்கில் விழுந்து உயிர் போனால், அது கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம். பாரதிய நியாய சன்ஹிதா 106-இன் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. இழப்பீட்டைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டினாலும் இந்த வழக்கை அது உங்களுக்காக ஏற்காது. ஆகவே மாட்டுவதற்கு முன்பே கிளைக்கு ஒரு கடிதம் எழுதி, கிராஸ் பார், டெண்ட் இரண்டின் விலையையும் எடையையும் குறிப்பிட்டு, பாலிசியில் ஏற்றிய தாளை வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எந்த மாதத்தில்?

வாப்பா காற்றைப் பற்றிச் சொன்னதை ஒதுக்காதீர்கள். இந்தக் கடற்கரையை அவர் நம்மைவிட அதிகம் பார்த்தவர். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மடித்த டெண்டின் முன்முகத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 கிலோ விசை தள்ளும், 70-இல் அது பாதியாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாக இருந்தாலும் 80-ஐத் தாண்ட வேண்டாம். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தடுக்க ஒரு மரம் கிடையாது. எதிரே பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, மறுகணம் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே 40-இல் போங்கள். படம் எடுக்க நிறுத்தவே வேண்டாம்.

விரித்த டெண்டோ சுமார் மூன்று சதுர மீட்டர் துணிச் சுவர். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று பக்கவாட்டில் அடித்தால் ஏறக்குறைய 35 கிலோ விசை. வண்டி கவிழாது, ஆனால் கம்பு வளையும், துணி கிழியும், ஏணிக்கால் தூக்கும். அரையாண்டு விடுமுறை என்பது வாடைக் காலத்தின் நடு. தனுஷ்கோடியை அழித்த புயலும் 1964 டிசம்பர் 22, 23-இல்தான் வந்தது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடல் பக்கத்தில் விடாமல் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே தை கடைசியிலிருந்து பங்குனி வரை கடல் அமைதியாக இருக்கும். பயணத்தை அதற்குள் ஒரு வார இறுதிக்குத் தள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் இரவு தங்குவது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாலைக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளை இருக்க விடுவதில்லை. எல்லைக் கடல் என்பதால் போலீஸ், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடற்படை எல்லோரும் கண்காணிக்கும் இடம். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவும் அரசு அறிவித்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. அப்புறம், நான் சொன்ன அமைதியான மாதங்கள்தான் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமும். மணலில் வண்டிச் சக்கரமும் இரவு வெளிச்சமும் அவற்றுக்குக் கேடு. மீனவ ஊர்க் கரைகளோ அவர்கள் வலை உலர்த்தி, படகு ஏற்றும் வேலைத்தலம். நடுச்சாமத்தில் கடலுக்குக் கிளம்புகிறவர்களின் வழியில் ஒரு கார் நிற்பது முறையல்ல.

பெரியபட்டினம், மண்டபம் பக்கம் உறவினரோ நண்பரோ யாரிடமாவது கடலுக்கு அருகில் தோப்பு இருக்கும். அவர்களிடம் கேட்டு, கேட்டுக்குள் நிறுத்துங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டால் இரவில் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். தென்னைக்கும் பனைக்கும் கீழே மட்டும் வேண்டாம், ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்தால் துணிக் கூரை என்ன செய்யும்? வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு வைத்து, ஏணிக்கால்களுக்குக் கீழே பலகை போடுங்கள். இல்லாவிட்டால் மணல் இறங்கி டெண்ட் ஒரு பக்கம் சாயும். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து கிளம்பினால் போதும், டெண்டை மடித்துக் கட்டிவிட்டு, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் பொதுமக்களை விடும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

வாப்பா ஏணியில் ஏற வேண்டாம். இரவில் ஒன்றுக்குப் போக எழும்போது அரைத் தூக்கத்தில் செங்குத்தாக இறங்குவது 71 வயதில் ஆபத்து. மனைவியும் பிள்ளைகளும் மேலே படுக்கட்டும். நீங்களும் வாப்பாவும் பின்சீட்டுகளை மடித்துக் கீழே படுங்கள். ஜன்னல்கள் நான்கு விரல் இறங்கியிருக்கட்டும். புழுக்கமாக இருக்கிறது என்று இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கிவிடாதீர்கள். நின்ற வண்டியின் புகை உள்ளே புகுந்தால் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் கொல்லும். அதே காரணத்தால் டெண்டுக்குள் அடுப்பும் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், வலைக் கதவு இருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டெண்டை மாட்டி, கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் போய்த் திரும்புங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி எட்டுக் கோடுகளையும் பாருங்கள். முறிந்திருந்தால் மறுபடி இறுக்கி, இன்னொரு முறை அதே தூரம் ஓட்டுங்கள். அன்றிரவு பிள்ளைகளை உங்கள் முற்றத்திலேயே அதில் படுக்கவையுங்கள். பயணம் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் போல்ட், சேனல் எல்லாவற்றையும் கழுவி, துணி முழுதும் காய்ந்த பிறகே மடியுங்கள்.